உள்கோடும் வெளிக்கோடும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஒரு குழந்தை எங்கே படிக்கும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது, வீடிருக்கும் தெருவைப் பார்த்துப் பள்ளியை ஒதுக்கும் சேர்க்கை எல்லையா, பெற்றோரின் விருப்பமா என்பது இன்றைய தலைப்பு. சேர்க்கை எல்லையே என்று வாதாட வந்திருக்கிறேன். கைதட்டல் வாங்குவதற்கு இது வசதியான அணி அன்று. விருப்பம் என்றால் எல்லோருக்கும் இனிக்கும், எல்லை என்றால் யாருக்கும் பிடிக்காது.

எதிரணித் தலைவர் மூன்று சான்றுகளை முன்வைத்தார். முதலாவது, டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ வழக்கு. உள்ளூர் வரி திரட்டித் தன் பள்ளிகளைத் தானே நடத்தும் பகுதியை அங்கே பள்ளி மாவட்டம் என்பார்கள். எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்து மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டியும் ஒரு மாணவருக்கு 26 டாலர்தான் திரண்டது. அதே நகர்ப்பகுதியில் வசதி படைத்த அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தார் 0.85 டாலர் மட்டுமே கட்டி ஒரு மாணவருக்கு 333 டாலர் திரட்டினார்கள். இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் அன்று என்று 1973-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டாவது, டெட்ராய்ட் நகரப் பிள்ளைகளைப் புறநகர்ப் பிள்ளைகளோடு கலந்து படிக்க வைக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் தள்ளிய 1974-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மூன்றாவது, வேறோர் ஊரிலிருந்த தன் தந்தையின் முகவரியைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததற்காக 2011-இல் ஒஹாயோவின் ஆக்ரன் நகரத்துத் தாய் ஒருவர் சிறைக்குப் போன கதை. மூன்றும் உண்மை, மூன்றும் அநீதி; அதில் எங்களுக்குள் வழக்கு இல்லை.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த மூன்றும் எந்தக் கோட்டைப் பற்றியவை? அமெரிக்கப் பள்ளிக் கல்வியில் இரண்டு வகைக் கோடுகள் உண்டு. வெளிக்கோடு என்பது பள்ளி மாவட்டத்தின் எல்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 13,000 மாவட்டங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை உள்ளூர்ச் சொத்து வரியைச் சார்ந்து நிற்பவை. உள்கோடு என்பது ஒரே மாவட்டத்துக்குள் இந்தத் தெருப் பிள்ளைகள் இந்தப் பள்ளிக்கு என்று பள்ளி வாரியம் வரையும் சேர்க்கை எல்லை. எட்ஜ்வுட்டுக்கும் அலமோ ஹைட்ஸுக்கும் நடுவே இருந்தது வெளிக்கோடு. டெட்ராய்ட் நகரக் குழந்தைகளை, அந்நகரைச் சுற்றியிருந்த 53 புறநகர் மாவட்டங்களோடு சேர்க்க மறுத்தபோது நீதிமன்றம் காப்பாற்றியது வெளிக்கோட்டை. ஆக்ரன் தாய் தாண்டியதும் வெளிக்கோட்டைத்தான். இன்றிரவே நாட்டிலுள்ள உள்கோடுகள் அத்தனையையும் அழித்துவிட்டாலும் இந்த மூவரில் ஒருவருக்கும் விடிவு வந்திராது. குற்றம் செய்தவன் ஒருவன் இருக்க, பக்கத்து வீட்டுக்காரனைக் கூண்டில் ஏற்றியிருக்கிறது எதிரணி.

வெளிக்கோட்டையும் தாண்ட அனுமதித்த மின்னசோட்டாவின் 1987-ஆம் ஆண்டுத் திறந்த சேர்க்கைச் சட்டத்தைத் தோழி ஒருவர் எடுத்துக்காட்டினார். நல்ல முயற்சி, மறுக்கவில்லை. ஆயினும் அந்த ஏற்பாட்டில் பிள்ளையை அடுத்த மாவட்டத்தின் எல்லை வரை கொண்டுபோய் விடுவது பொதுவாகப் பெற்றோரின் பொறுப்பு. காலையில் காரும் நேரமும் கையில் உள்ள பெற்றோருக்கு அது உரிமை. மற்றவர்களுக்கு அது ஒரு விண்ணப்பப் படிவம்.

இனி, விருப்பத்துக்கே விட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, ஏனெனில் அது நடந்திருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் நியூ கென்ட் என்றொரு சிறு கவுன்ட்டி, அதாவது மாநிலத்தின் உட்பிரிவு. அங்கே இரண்டே பள்ளிகள்: கிழக்கே நியூ கென்ட் பள்ளி வெள்ளையருக்கு, மேற்கே வாட்கின்ஸ் பள்ளி கறுப்பினத்தவருக்கு. இனப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று 1954-இல் பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்து பதினோர் ஆண்டுகள் கழித்து, எந்தப் பள்ளி வேண்டுமோ நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்று வாரியம் பெற்றோரிடம் சொன்னது. மூன்று ஆண்டுகளில் ஒரு வெள்ளைக் குழந்தைகூட வாட்கின்ஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினக் குழந்தைகளில் 85 விழுக்காட்டினர் அங்கேயே இருந்தார்கள். இதில் உற்றுப் பார்க்க வேண்டியது என்னவென்றால், அந்தக் கவுன்ட்டியில் இரு இனத்தவரும் கலந்தே வசித்தார்கள்; ஒரே சாலையில் வந்து பிள்ளைகளை இரண்டு பள்ளிகளுக்குப் பிரித்து ஏற்றிச் சென்றவை பேருந்துகள். 1968-இல் இந்த ஏற்பாடு போதாது என்று தள்ளிய உச்ச நீதிமன்றம், கிழக்குப் பாதியில் வசிப்போர் ஒரு பள்ளிக்கும் மேற்குப் பாதியில் வசிப்போர் மற்றதற்கும் போகட்டும் என்று எல்லை வகுத்தாலே காரியம் எளிதாக முடிந்துவிடும் என அடிக்குறிப்பில் சுட்டிக்காட்டியது. எதிரணி இனிப்பாகப் பேசும் விருப்பம் பிள்ளைகளைப் பிரித்து வைத்திருந்த ஊரில், ஒரு கோடு அவர்களைச் சேர்த்திருக்கும்.

கோடுகளை வஞ்சகமாக வளைத்த வாரியங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தன. டென்வரில் பார்க் ஹில் பகுதியில் எல்லைகளை வளைத்து வரைந்தே வாரியம் கறுப்பினக் குழந்தைகளை ஒதுக்கியது என்பது 1973-ஆம் ஆண்டு வழக்கில் வெளிப்பட்டது. எப்படி வெளிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். வாரியம் கூடி, வாக்களித்து, வரைபடத்தில் வரைந்ததால்தான் அந்தச் சூதைக் கூண்டில் நிறுத்த முடிந்தது. பத்தாயிரம் பெற்றோர் தத்தம் வீட்டில் அமர்ந்து படிவத்தில் இடும் குறிகள் சேர்ந்து அதே பிரிவினையைச் செய்தால், யார்மீது வழக்குப் போடுவது?

எங்கள் அணிக்கு உண்மையாகவே வலிக்கும் சான்று ஒன்று உண்டு. எதிரணியில் எவரும் அதை எடுக்கவில்லை. அவர்களுக்கு ஓர் உதவியாக நானே எடுத்து வைக்கிறேன். பாஸ்டன் புறநகர்களில் ஒரே மாவட்டத்துக்குள் சேர்க்கை எல்லையின் இருபுறமும் உள்ள வீடுகளின் விலைகளை ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் 1999-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடினால் வீட்டுக்குப் பெற்றோர் 2.5 விழுக்காடு கூடுதல் விலை தரத் தயாராக இருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. ஆக, உள்கோட்டுக்கும் விலை உண்டு. ஆனால் கோடு ஆண்டுக்கணக்கில் அசையாது என்ற நம்பிக்கை வாங்குபவருக்கு இருப்பதால்தான் அந்த விலை நிற்கிறது. எல்லை மாற்றத்துக்கான பொதுக்கூட்டங்களில் வீட்டு மதிப்பைப் பற்றிய குரல் உரக்க எழுவதும் அதனால்தான். கோட்டை உரிய காலத்தில் மறுபடி வரையும் துணிச்சல் வாரியத்துக்கு இருந்தால், அந்தக் கூடுதல் விலையின் உறுதியும் தளரும். வாரியங்களிடம் அந்தத் துணிச்சல் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அது வாரியத்தைத் திருத்தக் காரணமாகலாம், கருவியைத் தூக்கி எறியக் காரணமாகாது.

அந்தக் கருவியின் மதிப்பைச் சட்டமும் அறிந்திருக்கிறது. 2007-இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் சேர்க்கைத் திட்டங்களை உச்ச நீதிமன்றம் தள்ளியது. சியாட்டிலில் இருந்தது பெற்றோர் தேர்வுத் திட்டம்தான். கேட்போர் மிகுந்த பள்ளிகளில் இடம் ஒதுக்கத் தனித்தனி மாணவரின் இனத்தைப் பார்த்தார்கள், அது செல்லாது என்றாயிற்று. ஆனால் தீர்மானிக்கும் வாக்கை அளித்த நீதிபதி கென்னடி, குடியிருப்புப் பகுதிகளின் மக்கள்தொகை அமைப்பைப் பொதுவாக மனத்தில் கொண்டு சேர்க்கை எல்லைகளை வரையலாம் என்று தம் தனித் தீர்ப்பில் எழுதினார். தனி மாணவரின் இனத்தைப் பார்த்து இடம் தரும் வழி அடைபட்ட நிலையில், பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்க விரும்பும் வாரியத்தின் கையில் எஞ்சியுள்ள நேர்மையான வழிகளில் ஒன்று இந்தக் கோடு. அதையும் பிடுங்கிவிட்டு எதைத் தரப்போகிறது எதிரணி?

இறுதியாக ஒரு கேள்வி. எதிரணித் தலைவர் தொகுப்புரையில் இதற்கு மட்டும் விடை சொன்னால் போதும். வீடிழந்த குழந்தைகளுக்கான கூட்டாட்சிச் சட்டம், அக்குழந்தை முன்பு படித்த பள்ளியில் தொடரலாம், அல்லது இப்போது தங்கியிருக்கும் சேர்க்கை எல்லைக்குரிய பள்ளியில் ஆவணங்கள் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேரலாம் என்கிறது. விண்ணப்பக் கெடு முடிந்து, இடங்களுக்கான குலுக்கலும் முடிந்து, விரும்பத்தக்க பள்ளிகள் எல்லாம் நிரம்பிவிட்ட பிப்ரவரி மாதத்தில், படிவம் நிரப்ப நேரமில்லாத ஒரு தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைக்கு, உங்கள் ஏற்பாட்டில் இடமில்லை என்று சொல்ல முடியாத பள்ளி எது?