அப்பா 14 தரம் வந்த கணக்கு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் நின்றால் புறாத்தீவு கண்ணுக்கு நேரே தெரியும். ஒரு கிலோமீற்றர் தூரம்தான். 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். பவளப்பாறையும் அதில் திரிகிற மீன்களும்தான் அதன் செல்வம். ஒரு மார்கழி மாதம் அந்தக் கரையில் ஒரு குடும்பத்தைக் கண்டேன். ஹட்டன் பக்கமிருந்து இரவோடிரவாக வான் பிடித்து வந்திருந்தார்கள். வாடைக் காலம், கடல் கொந்தளிப்பு, படகு விடவில்லை. மூன்று பிள்ளைகளும் தீவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மார்கழியில் அங்கே கடல் எப்படி இருக்கும் என்று நிலாவெளியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஹட்டனில் யாருக்குத் தெரியும்?

ஓர் இடத்தைப் பற்றி அங்குள்ளவர்களுக்குத் தெரிந்தது, அங்கே வரப்போகிறவரின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். கணினி படிப்பிக்கிற எனக்குப் பல வருடமாக இதே நினைப்புத்தான். இன்றைக்கு அதைச் சொல்ல அமெரிக்கா வரை போய்ச் சுற்றி வரப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவை 1916 இல் தொடங்கியது. தன் பொறுப்பில் இருக்கிற 400க்கு மேற்பட்ட இடங்களின் விவரங்களை ஏபிஐ வழியாக யாருக்கும் இலவசமாகத் தருகிறது. ஏபிஐ என்றதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். நாம் எழுதுகிற கணினி நிரல் விவரங்களை நேரே கேட்டு வாங்குகிற வழி, அவ்வளவுதான். கடைக்குப் போனால் மீன்குழம்பும் சோறுமாக ஒரு பார்சல் வாங்கலாம். சந்தைக்குப் போனால் அதே மீனைப் பச்சையாக நிறுத்து வாங்கலாம். பார்சலை அப்படியே சாப்பிட வேண்டியதுதான். பச்சை மீன் என்றால் சொதி வைக்கலாம், பொரிக்கலாம், கருவாடும் போடலாம். இணையப் பக்கம் என்பது பார்சல். ஏபிஐ என்பது சந்தை. அரைக் கிலோ பாரை என்று கேட்டால் அரைக் கிலோ பாரை வரும், சமையல் உங்களுடையது.

இந்தப் பூங்கா ஏபிஐயில் மாநிலத்தின் இரண்டெழுத்துக் குறியைச் சொல்லிக் கேட்கலாம். கலிபோர்னியா என்றால் சிஏ. கேட்டால் அந்த மாநிலத்து இடங்கள் ஒவ்வொன்றாக வரும். பெயர், விளக்கம், வரைபடத்தில் இருக்கும் இடம், நுழைவுக் கட்டணம், திறக்கும் நேரம், காலநிலைக் குறிப்பு எல்லாம் கூடவே வரும். வருவதெல்லாம் காடும் மலையும் என்று நினைக்க வேண்டாம். பழைய கோட்டை, போர்க்களம், ஜனாதிபதி ஒருவர் பிறந்த இடம், இவையும் அந்தச் சேவையின் கையில்தான் இருக்கின்றன. தேசியப் பூங்கா என்ற பெயரைத் தாங்கியவை 63 மட்டுமே. நம்முடைய திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டையும் புறாத்தீவும் ஒரே பட்டியலில் இருந்தால் எப்படி, அப்படி.

சரி, என் மாணவியின் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு ஆசையோடு வந்தேன்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். 50 மாநிலங்களுக்கும், தலைநகருக்கும், மற்ற ஆட்சிப் பகுதிகளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். வந்த இடங்களை எண்ணிக் கூட்டுங்கள். பிறகு மாநிலமே சொல்லாமல் கேளுங்கள், மொத்தம் எத்தனை என்று ஏபிஐயே ஓர் இலக்கம் தரும். இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பொருந்தவில்லை. அவள் கூட்டிய தொகை மொத்தத்தை விட எங்கேயோ மேலே போய்விட்டது. தான் எழுதிய நிரலில்தான் பிழை என்று இரண்டு பின்னேரம் அதையே கிளறிக்கொண்டிருந்தாள். சாப்பிடக்கூட எழும்பவில்லை என்று தாய் என்னிடம் குறை சொன்னார். மூன்றாம் நாள், பெயர்களையெல்லாம் வரிசைப்படுத்தி எழுதிய தாளோடு ஓடி வந்தாள்.

"டீச்சர், அப்பா 14 தரம் வந்திருக்கிறார்!"

வகுப்பே சிரித்தது. விஷயம் இதுதான். ஒவ்வோர் இடத்துக்கும் நான்கெழுத்தில் ஒரு குறி உண்டு. அமெரிக்காவின் கிழக்கில் அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுக ஒரு நடைபாதை போகிறது. அதன் குறி ஏ, பி, பி, ஏ. நம் பிள்ளைகள் அதை வேறு எப்படி வாசிப்பார்கள்? ஜோர்ஜியாவில் தொடங்கி மெய்ன் மாநிலம் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீற்றர். 14 மாநிலங்களுக்குள்ளால் போகிறது. ஆகவே 14 மாநிலங்களும் அதைத் தங்கள் பட்டியலில் காட்டின. 1872 இல் உருவான யெலோஸ்டோனும் அப்படித்தான். உலகின் முதல் தேசியப் பூங்கா அது. பெரும்பகுதி வயோமிங்கில் இருக்கிறது, ஓரங்கள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். அது மூன்று தரம் வந்திருந்தது.

வயோமிங் சொன்னது உண்மை. மொன்டானா சொன்னதும் உண்மை. எல்லா உண்மையையும் கூட்டியபோது தொகை பிழைத்துவிட்டது. கலியாண வீட்டில் பெண் பகுதியும் மாப்பிள்ளை பகுதியும் தனித்தனியாகப் பட்டியல் எழுதினால், இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான மாமா இரண்டு தரம் வருவார் இல்லையா? அவருக்கு இலை ஒன்றுதான். அந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்தாள். நான்கெழுத்துக் குறியைப் பார்த்து, ஏற்கெனவே எழுதியதை விட்டுவிட்டாள். தொகை பொருந்தியது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஏபிஐயில் மாநிலம் என்ற இடத்தில் ஒரு பெயர் மட்டும் எழுதி முடித்துவிடவில்லை. இடையில் காற்புள்ளி போட்டு எத்தனை மாநிலம் உண்டோ அத்தனையும் எழுதியிருக்கிறார்கள். அதைத் திட்டமிட்டவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நாங்கள் வகுப்பில் இலங்கைப் பூங்காக்களுக்கு ஒரு பட்டியல் தொடங்கினோம். மாவட்டம் என்று ஒரு கட்டம், அதில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். வில்பத்துவுக்குப் புத்தளம் என்று ஒரு பையன் எழுதினான். அதே பிள்ளை எழும்பி, "அநுராதபுரத்தில் இருக்கிற பகுதியை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டாள். கல்லோயாவுக்கும் அப்படித்தான், அம்பாறையும் வேண்டும், மொனராகலையும் வேண்டும். இருந்ததை அழித்துவிட்டுத் திரும்ப எழுதினோம். புறாத்தீவுக்கு மாவட்டம் ஒன்றுதான், திருகோணமலை. ஆனால் அதற்கென்று பிள்ளைகள் வேறொரு விவரம் சேர்த்தார்கள்: கடல் அமைதியாக இருக்கும் மாதங்கள். படகுக்காரர்களிடம் போய்க் கேட்டு எழுதி வந்தார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லி விடுகிறேன். இந்த ஏபிஐயைப் பாவிக்க ஒரு சாவி வேண்டும், கடவுச்சொல் மாதிரி ஓர் எழுத்துத் தொடர். மின்னஞ்சல் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். மணித்தியாலத்துக்கு 1,000 தரம் கேட்கலாம். சாவியை நிரலோடு சேர்த்து எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடாதீர்கள். அப்புறம், எத்தனை வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் முதல் 50 மட்டும்தான் வரும். மொத்தம் என்ற இலக்கத்தைப் பார்த்து மிச்சத்தையும் கேட்டு வாங்குங்கள். கடைசியாக எச்சரிக்கைகள். பாதை மூடியிருக்கிறது, இன்ன ஆபத்து இருக்கிறது என்பதையும் அதே ஏபிஐயில் மாநில வாரியாகக் கேட்டு எடுக்கலாம். உண்மையில் அதைப் பற்றித்தான் நிறையப் பேச வைத்திருந்தேன், நேரம் போய்விட்டது.

ஹட்டனில் இருந்து யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் வாருங்கள். படகு ஓடும். வணக்கம்.