இரண்டாம் இடத்தில் நின்ற முதலிடப் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பீட்டில்ஸ் குழுவின் இரண்டாவது சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறிய இசைத்தட்டு) 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'. 1963 ஜனவரி 11 அன்று ஈ.எம்.ஐ. கம்பெனியின் பார்லஃபோன் முத்திரையோடு, ஆர் 4983 என்ற எண்ணில் பிரிட்டனில் வெளிவந்தது. அது விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததா என்று கேட்டால் இரண்டு பதில் வரும். இரண்டுக்கும் அச்சில் ஆதாரம் உண்டு.

பாட்டு முதலில் மெதுவான நடையில்தான் இருந்தது. வேகத்தைக் கூட்டச் சொன்னவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். 1962 நவம்பர் 26 அன்று அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. வெளியான எட்டாம் நாள் குழு தொலைக்காட்சியில் தோன்றியது. அந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்து பனியில் புதைந்து கிடந்ததால் ஜனங்கள் வீட்டோடு முடங்கியிருந்தார்கள். பார்த்தவர்கள் ஏராளம், விற்பனை ஏறியது.

அப்போது பிரிட்டனில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே பட்டியல் என்று எதுவும் கிடையாது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ், மெலடி மேக்கர், டிஸ்க், ரெக்கார்ட் ரீடெய்லர் என ஒவ்வொரு பத்திரிகையும் தனித்தனியாகக் கடைகளைக் கேட்டுப் பட்டியல் போட்டது. முதல் மூன்றிலும் இந்தப் பாட்டு முதலிடம். ரெக்கார்ட் ரீடெய்லரில் மட்டும் இரண்டு. அங்கே மேலே உட்கார்ந்திருந்தது பாடகர் ஃபிராங்க் ஐஃபீல்டின் 'தி வேவார்ட் விண்ட்'. அதுவும் ஈ.எம்.ஐ. தட்டுதான் என்பதால் கம்பெனிக்கு எப்படியும் லாபமே!

ஒரே விற்பனைக்கு எப்படி இரண்டு முடிவு? பெரிய வாரப் பத்திரிகைகள் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளை விசாரித்தன. ரெக்கார்ட் ரீடெய்லர் கடைக்காரர்களுக்கான தொழில் இதழ். அது கேட்டது சுமார் 30 கடைகளை. அவ்வளவு சிறிய மாதிரியில் நாலைந்து கடைகளின் வாடிக்கையாளர் ருசி மாறினாலே வரிசை புரண்டுவிடும்.

இன்னொரு கோளாறு, கடைகள் தந்த வரிசைக்குப் புள்ளி போட்டுக் கூட்டும் முறையில் இருக்கிறது. முதலிடத்துக்கு 30, அடுத்ததற்கு 29 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் ஒரு தட்டு 200 போய், அடுத்தது 20 போனாலும் வித்தியாசம் ஒரே புள்ளி. பக்கத்து ஊர்ச் சின்னக் கடையில் 6-க்கு 5 என்று விற்றாலும் அதே ஒரு புள்ளி. எத்தனை விற்றது என்ற விவரமே கணக்கில் ஏறாது. பட்டியலுக்குத் தகவல் தரும் கடை எது என்று தெரிந்தவர் அங்கே போய் நாலு டஜன் வாங்கினால், பாட்டு மேலே ஏறிவிடும்.

1969 பிப்ரவரியில்தான் இது ஓரளவு சீரானது. பி.பி.சி.யும் ரெக்கார்ட் ரீடெய்லரும் சேர்ந்து ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்தன. சுமார் 300 கடைகளுக்குக் குறிப்பேடு போனது. விற்கும் ஒவ்வொரு தட்டின் எண்ணையும் கடை ஊழியர் அதில் எழுதி அனுப்ப வேண்டும். வரிசை போய் எண்ணிக்கை வந்தது.

ஆனால் 1977இல் பட்டியல் வரலாற்றைத் தொகுத்துப் புத்தகம் போட்டவர்கள், 1960 முதலான ஆண்டுகளுக்கு ரெக்கார்ட் ரீடெய்லரையே எடுத்துக்கொண்டார்கள். அது 50 இடங்கள் வரை பட்டியலிட்டதால் தொகுப்பவருக்கு வசதி. வசதியை வைத்து எடுத்த முடிவு, வரலாறாக நிலைத்துவிட்டது என்பதே என் கருத்து. 1963இல் பத்திரிகை வாங்கிப் படித்த பெரும்பாலோருக்கு 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' முதலிடப் பாட்டுதான்.

முதலிடம் பிடித்த பீட்டில்ஸ் பாட்டுகளைத் திரட்டி 2000இல் வந்த '1' என்ற தொகுப்பில் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' இல்லை. 1962இல் வெளியானபோது பிரிட்டனில் 17-ஆம் இடத்தைத் தாண்டாத முதல் சிங்கிள் 'லவ் மீ டூ' இருக்கிறது, 1964 மே மாதம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த கணக்கில்.