அரண்டவன் கண்ணும் பதினேழாம் நிறமூர்த்தமும்

சபைக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து முன்வரிசையைச் சிறப்பிக்கும் அம்மா அவர்களே, ஆலய அறங்காவலர் பெருமக்களே, பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, பங்குத்தந்தை அவர்களே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பாலம் கடந்து வந்திருக்கும் ஆசிரியர்களே, தாய்மாரே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் உயர்தர மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய தமிழாசிரியை திருகோணமலையின் பெருமையை நிறைவாகச் சொல்லிவிட்டார். அவருக்கும், என்னை அழைத்த வாசகர் வட்டத்தினருக்கும் என் நன்றி.

பதகளிப்பு, அதாவது தீராத பயமும் பதற்றமும், பற்றியதே என் பேச்சு. அதில் பரம்பரையலகு என்ன செய்கிறது, மூளை எப்படி எதிர்வினை காட்டுகிறது, மருந்து எங்கே போய் நிற்கிறது, குடலுக்கும் பதகளிப்புக்கும் என்ன உறவு என்று நான்கு விடயங்களைப் பேச வந்திருக்கிறேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்." பயந்த பிள்ளையை மட்டந்தட்டத்தான் இந்தப் பழமொழியை நாம் எடுக்கிறோம். அதை உடற்றொழிலியல் உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். அரண்டவனுக்கு இருட்டு உண்மையிலேயே வேறாகத் தெரிகிறது.

முதலில் செரட்டோனின். நரம்புக்கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் இரசாயனங்களில் ஒன்று. இதன் கதை ஒரு மட்டியில் தொடங்குகிறது. கொட்டியாரக் குடாவில் மட்டி எடுப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கல்லில் ஒட்டிய மட்டியைக் கையால் பிடுங்க முடியாது. தன்னைக் கல்லோடு இழுத்துப் பிடிக்க அதற்கு ஒரு தசை உண்டு. ஒருமுறை இறுகினால் நெடுநேரம் களைப்பில்லாமல் அப்படியே நிற்கும். அசற்றைல்கோலின் என்ற இன்னொரு நரம்பு இரசாயனம் பட்டால் இறுகும் என்று தெரிந்திருந்தது. எது பட்டால் தளரும்? அமெரிக்காவில் பெற்றி ட்வாரொக் என்ற இளம் பெண் 1950களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பதார்த்தமாக விட்டுப் பார்த்தார். செரட்டோனினை விட்டதும் தசை இளகியது. அந்தக் காலத்தில் செரட்டோனின் என்றால் இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருள், அவ்வளவுதான். மட்டியின் நரம்பில் இது வேலை செய்கிறதென்றால் முள்ளந்தண்டு விலங்கின் மூளையிலும் இருக்கத்தானே வேண்டும் என்று அவர் நினைத்தார். கிளீவ்லாந்தில் இர்வின் பேஜ் என்ற மருத்துவரிடம் போய்க் கேட்டார். பேஜுக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆய்வுகூடத்தில் இடம் கொடுத்தார். நாய், எலி, முயல் ஆகியவற்றின் மூளைச் சாற்றை ட்வாரொக் எதில் சோதித்தார் தெரியுமா? இன்னொரு மட்டியின் இதயத்தில்! துளியளவு செரட்டோனின் பட்டாலும் அந்த இதயத்தின் துடிப்பு ஏறும். ஏறியது. 1953இல் கட்டுரை வெளிவந்தது. இன்று பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மாத்திரைகளின் பின்னால் அந்த மட்டி நிற்கிறது.

இனிப் பரம்பரையலகு. நரம்புக்கலம் வெளியே விட்ட செரட்டோனினை மீண்டும் உள்ளே இழுக்க ஒரு கடத்திப் புரதம் உண்டு. அதற்குரிய பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அந்த அலகு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் தொடக்கிப் பகுதியில் ஒரே மாதிரித் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது; சிலருக்கு 16 மீளல்கள், அது நீள வடிவம், சிலருக்கு 14, அது குட்டை வடிவம். வித்தியாசம் டி.என்.ஏ.யின் 44 எழுத்து. குட்டை வடிவம் இருந்தால் கடத்தி குறைவாக உருவாகும். 1996இல் லெஷ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 505 பேரைப் பார்த்து, பதகளிக்கும் சுபாவத்தின் வேறுபாட்டில் 3 முதல் 4 வீதத்தை இது விளக்குகிறது என்றார்கள். 3 முதல் 4 வீதம்! இந்த எண்ணை மறக்கவேண்டாம்.

2002இல் ஹரீரி என்ற ஆய்வாளரின் குழுவினர் 28 பேரை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துள் படுக்கவைத்தார்கள். மேலே ஒரு முகம், கீழே இரண்டு முகம். பயமோ கோபமோ, மேலுள்ள முகத்தோடு பொருந்துவதைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒப்பீட்டுக்கு முகமில்லாத வெறும் வடிவங்கள். குட்டை வடிவம் உள்ளவர்களிடம், ஆபத்தை உணர்ந்து பயத்தை எழுப்பும் வாதுமைக்கொட்டை அளவான மூளைப்பகுதியான அமிக்டலா, குறிப்பாக வலப்பக்கத்தது, கூடுதலாகத் தூண்டப்பட்டது. ஒரே முகம், ஒரே வெளிச்சம், வேறு மூளை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!

ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் பரிசோதனைக்கு ஓடாதீர்கள். அந்தப் பகுதியில் ஜி, சி எழுத்துகள் செறிந்திருப்பதால் பி.சி.ஆர்., அதாவது டி.என்.ஏ. துண்டைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறை, தடுமாறும். நீளத் துண்டைவிடக் குட்டைத் துண்டு எளிதாகப் பெருகும். கலவையில் மக்னீசியம் கூடினால் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றிருப்பவரை இரண்டும் குட்டை என்று, துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல் காட்டிவிடும். நீள வடிவத்துக்குள் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தால் அதுவும் குட்டையைப் போலவே நடக்கும். நீளத்தை மட்டும் அளந்தால் அது தெரியாது. துன்ப நிகழ்வும் குட்டை வடிவமும் சேர்ந்தால் மனச்சோர்வு கூடும் என்று 2003இல் வந்த நியூசிலாந்து ஆய்வு பெரிய பரபரப்பாயிற்று. 2009இல் 14 ஆய்வுகளை, 14,250 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது அந்தக் கூட்டு விளைவு தென்படவில்லை. பதகளிப்பு ஒரு பரம்பரையலகால் வருவதன்று. எத்தனையோ அலகுகள் ஆளுக்குத் துளியாகச் சேர்க்கின்றன. ஆகவே கலியாணப் பேச்சில் "அவங்கட வழியில அது இருக்காமே" என்று வாய் திறப்பவர்களுக்கு இந்தக் குட்டை வடிவம் ஆதாரமாகாது.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. கடத்தி குறைந்தால் பதகளிப்புக் கூடும் என்கிறோம், பதகளிப்புக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் புளுவொக்செற்றின் மாத்திரையோ அதே கடத்தியை அடைத்துப் பதகளிப்பைத் தணிக்கிறது. முரண்போல இருக்கும். பரம்பரையலகு கருவிலிருந்தே, மூளை இழை இழையாகப் பின்னப்படும்போதே வேலை செய்கிறது. மாத்திரை வளர்ந்த மூளையில். 2004இல் எலிக்குஞ்சுகளுக்குப் பிறந்த முதல் வாரங்களில் இதே மருந்தைக் கொடுத்தபோது அவை பெரிதானபின் பயந்த எலிகளாயின. வளர்ந்தவர்களுக்குப் பலன் தெரியச் சில வாரம் ஆகும். முதல் நாட்களில் படபடப்புக் கூடலாம், அதனால்தான் சிறிய அளவில் தொடங்குகிறார்கள். சுகமாயிற்று என்று இந்த வகை மாத்திரையைத் தானாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலாம், மின்சாரம் பாய்வது போலிருக்கலாம். வைத்தியரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

அந்த 3, 4 வீதத்துக்கு வருவோம். அதை நம்மால் மாற்ற முடியாது. பிள்ளை இருக்கும் இடத்தை மாற்றலாம். ஒவ்வொரு பாடசாலைக்கும் கதவுள்ள ஓர் உளவளத்துணை அறை வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால்தான். பெரிய செலவில்லை. பத்தடிக்குப் பத்தடி போதும். இரண்டு கதிரை, நேருக்கு நேர் வைக்காமல் சற்றுச் சரிவாக. பூட்டும் அலுமாரி ஒன்று, பதிவேட்டுக்கு. நடைபாதைப் பக்கக் கண்ணாடிக்குத் திரை. எங்கே பிழைக்கிறது என்றால், அறையை அதிபர் அலுவலகத்தோடு ஒட்டி வைக்கிறார்கள், உள்ளே போகும் பிள்ளையை எல்லாரும் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உளவளத்துணை ஆசிரியருக்கே ஒழுக்காற்றுப் பொறுப்பையும் கொடுக்கிறார்கள். பிரம்பு பிடித்தவரிடம் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அந்த அறையும் பேய்தான்.

குடல் பற்றிச் சொல்ல நேரம் போதவில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். இரவில் யாருக்கும் தாங்க முடியாமல் போனால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணி நேரமும். வாசலருகே மேசையில் கையொப்பத் தாள் இருக்கிறது. முதல் நிரலில் பாடசாலையின் பெயர், இரண்டாவதில் அறை உண்டா இல்லையா, மூன்றாவதில் அந்த அறைக்குக் கதவு உண்டா. மூன்றையும் நிரப்பிவிட்டுப் போங்கள்.