வாட்டர்லூ பண்ணையும் ஆறடி மேசையும்: வார்கேமுக்குக் கட்டடம் வாங்கும் முன்

[காட்சி: பச்சைத் துணி விரித்த மேசை. நடுவே வெள்ளைச் சுவர்களோடு ஒரு பண்ணை மாதிரி.]

குரல்:
இது லா ஹே சாந்த். பெல்ஜியத்தில், வாட்டர்லூ போர்க்களத்தின் நட்டநடுவில், பிரஸ்ஸல்ஸ் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் பண்ணை. 1815 ஜூன் 18 அன்று பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய ஜெர்மன் வீரர்கள் ஏறக்குறைய 400 பேர், மேஜர் கேயார்க் பாரிங் தலைமையில் இதைக் காக்கத் தொடங்கினார்கள். மாலையில் தோட்டா தீர்ந்து வெளியேறும்போது அவரோடு மிஞ்சியவர்கள் 42 பேர்.

பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் பழைய போர்களை ஆடுவதுதான் வார்கேம். அதில் வாட்டர்லூவை ஆட நினைப்பவர்களின் கண் முதலில் போவது இந்தப் பண்ணை மேல்தான். ஆசையாக வாங்கி வைத்ததும், ஆட இடம் போதவில்லை என்று தெரியும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

[காட்சி: மேசையின் மேலிருந்து பார்வை. அளவு நாடா.]

குரல்:
போர்முனையின் நீளம் சுமார் 5 கிலோமீட்டர். நம் மேசை ஆறடிக்கு நாலடி. ஐந்து கிலோமீட்டரை ஆறடிக்குள் அடக்கினால், தரை ஏறத்தாழ 2,700 மடங்கு சுருங்குகிறது. ஆனால் அதன்மேல் நிற்கும் 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைச் சிப்பாய் 60 மடங்குக்குள்தான் சுருங்கியிருக்கிறான். இப்போது 60 மீட்டர் நீளமுள்ள ஒரு பண்ணை வளாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாயின் அளவுக்குச் செய்தால் அது ஒரு மீட்டருக்கு மேல் வரும்; பாதி மேசைக்கு மேல் அதுவே நிறைந்துவிடும். தரையின் அளவுக்குச் செய்தால் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம். ஒரே ஒரு சிப்பாய் நிற்கும் தட்டு அளவுதான்.

இந்த இரண்டு அளவுகளும் ஒருநாளும் ஒத்துப்போகாது. இதை வில்லியம் சைபோர்ன் அறிந்திருந்தார். இந்தப் பிரிட்டிஷ் அதிகாரி 1830இல் லா ஹே சாந்த் பண்ணையிலேயே பல மாதங்கள் தங்கி, போர்க்களத்தை அளந்து, ஒரு பெரிய மாதிரியைச் செய்தார். 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்த அந்த மாதிரி இன்று அங்கேயே தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு மைலுக்கு ஒன்பது அடி என்பது அவர் தரைக்கு வைத்த அளவு. கிட்டத்தட்ட 600 மடங்கு சுருக்கம். சிப்பாய்களோ ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உயரம். அந்தத் தரையின் கணக்கில் ஒவ்வொருவரும் 6 மீட்டர் ராட்சதர். அங்குலம் அங்குலமாக அளந்த மனிதரே ஆளையும் தரையையும் வெவ்வேறு அளவில்தான் வைத்தார். நாமும் தயங்காமல் வைக்கலாம்.

அதனால் கடையில் மாதிரியைப் பார்த்ததும் உயரத்தை விடுங்கள். அடித்தளத்தை அளந்து பாருங்கள். மேசையில் எவ்வளவு இடத்தை அது விழுங்கும், அதைச் சுற்றி எத்தனை படைப்பிரிவுகள் நிற்க முடியும் என்பதுதான் ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது. உயரம் கண்ணுக்கு உறுத்தாமல் இருந்தால் போதும்.

கண்ணுக்கு உறுத்துமா என்று சோதிக்க எளிய வழி: தட்டோடு ஒரு சிப்பாயை வாசலில் நிறுத்துங்கள். தட்டின் தடிமன் ஆளை இன்னும் உயர்த்தும். கதவு அவன் தொப்பிக்கும் கீழே போனால் அந்தக் கட்டடம் வேண்டாம். மற்றபடி, ஆளைவிட ஒரு படி சிறிய அளவில் கட்டடம் வாங்குவது பழைய, நல்ல பழக்கம். 15 மில்லிமீட்டர் ஆட்களுக்கு, 10 அல்லது 12 மில்லிமீட்டர் ஆட்களுக்காகச் செய்த கட்டடங்கள் அழகாக ஒத்துப்போகும். மாதிரி ரயில் கடைகளில் கிடைக்கும் 'என்' கேஜ் என்ற சிறிய அளவு வீடுகள் இந்த அளவுக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அதைவிடப் பெரிய ரயில் அளவான 'எச்ஓ' வீடுகள் 87 மடங்கு சுருங்கியவை. 28 மில்லிமீட்டர் ஆட்கள் பக்கத்தில் அவற்றின் கதவுகள் தாழ்ந்துவிடும். 20 மில்லிமீட்டர் ஆட்களுக்கு அவை சரி.

முழுப் போரையும் ஆடாமல், பண்ணைக்குள் நடந்த சண்டையை மட்டும், ஒரு பொம்மைக்கு ஒரு வீரன் என்று ஆடுகிறீர்கள் என்றால் கதை மாறும். அப்போது பெரிய மாதிரியே வேண்டும். மேசை முழுக்கப் பண்ணையாக இருக்கட்டும்.

[காட்சி: பண்ணையின் முற்றம், நெருக்கத்தில். வாயிற்கதவு கழற்றப்படுகிறது.]

குரல்:
அடுத்தது, என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது: அன்று சண்டையைத் தீர்மானித்த பகுதிகள் மாதிரியில் இருக்கின்றனவா? முந்தைய இரவு மழையில் நனைந்த வீரர்கள், இந்தப் பண்ணைக் களஞ்சியத்தின் பெரிய கதவை விறகாக எரித்துவிட்டார்கள். மறுநாள் அந்தத் திறந்த வாசலில்தான் பிரெஞ்சுப் படை திரும்பத் திரும்ப மோதியது. ஆக, கதவைக் கழற்ற முடியாத களஞ்சியம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் போருக்கு உதவாது. முற்றமும் அப்படித்தான். பல மாதிரிகளில் இடத்தை மிச்சப்படுத்த முற்றத்தை ஒரு சந்தாக்கிவிடுகிறார்கள். உங்கள் படைத்தட்டு ஒன்றாவது உள்ளே உட்கார வேண்டும். நடுவில் முற்றம், நான்கு பக்கமும் கட்டடமும் சுவரும் என்பதுதான் அந்த வட்டாரப் பண்ணைகளின் அமைப்பு. மரச்சட்டங்கள் வெளியே தெரியும் நார்மண்டி வீட்டை அங்கே வைத்தால் ஊரே மாறிவிடும். சுவர்களும் வீடுகளும் தனித்தனித் துண்டுகளாக வந்தால் இன்னும் நல்லது. அடுத்த வாரம் வேறு கிராமத்தை அடுக்கலாம்.

எதில் செய்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரெசின் என்ற வார்ப்புப் பிசின் கனமானது, நுணுக்கம் அதிகம், விழுந்தால் மூலை உடையும். பெயின்ட் அடிக்கும் முன் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். லேசரில் வெட்டிய எம்டிஎஃப் என்ற மரநார்ப் பலகை மலிவு, ஆனால் சுவர் வழவழவென்று இருக்கும்; பெவிக்காலில் மணல் கலந்து பூசினால் காரை பூசிய சுவர் போலாகும். அட்டை மாதிரிகளைக் குறைவாக எடைபோடாதீர்கள்.

[காட்சி: துணிக்கு அடியில் நுரைப் பலகைகள் நுழைக்கப்படுகின்றன.]

குரல்:
பண்ணையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், என் பணம் முதலில் போவது மேட்டுக்குத்தான். பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தன் படையின் பெரும்பகுதியை மேட்டின் மறுசரிவில் மறைத்து வைத்தார். மேடு சரியில்லை என்றால் அந்த ஆட்டமே இல்லை. இன்றைய புகைப்படங்களைப் பார்த்து இதைச் செய்யக் கூடாது. 1820களில் சிங்கக் குன்று என்ற நினைவுக் குன்றை எழுப்ப அந்த மேட்டிலிருந்தே மண்ணை வெட்டி எடுத்தார்கள். நிலத்தின் வடிவமே மாறிவிட்டது. பழைய வரைபடங்களைப் பாருங்கள்.

படிப்படியாக வெட்டிய குன்றுகளை வாங்காமல், துணிக்கு அடியில் எக்ஸ்பிஎஸ் என்ற அடர்த்தியான நுரைப் பலகையை வையுங்கள். சரிவு மெல்லியதாக வரும், பொம்மைகள் சரியாது. தெர்மாக்கோலை வெட்டினால் மணிமணியாக உதிரும். இரண்டின் மேலும் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் நேரடியாகப் படக் கூடாது; அதில் உள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். முதலில் பெவிக்கால் பூச்சு, பிறகு நிறம்.

காட்டை வைக்கும்போது மரங்களைத் தரையோடு ஒட்டாதீர்கள். காட்டின் எல்லையை ஒரு துணித்துண்டு காட்டட்டும். படை நுழையும்போது மரங்களை எடுத்து ஓரம் வைக்கலாம். அதே போர்க்களத்தின் ஊகூமோன் கோட்டைப் பண்ணையின் தெற்கே இருந்த காட்டுக்கு இது கட்டாயம் வேண்டும்.

வயலுக்கு நம் வீட்டு வாசலில் கிடக்கும் தென்னை நார் மிதியடியே போதும். உலகெங்கும் வார்கேம் ஆடுகிறவர்கள் அதைத்தான் வெட்டி வைக்கிறார்கள். ஜூன் மாதத்தில் அங்கே ரை என்ற தானியப் பயிர் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு காத்ர் ப்ரா என்ற இடத்தில் நடந்த சண்டையில் படைகளையே அது மறைத்தது. எனவே நீளமான நார் உள்ள மிதியடியாக வாங்கி, நார் ஆளின் தோளுக்கு மேல் வருகிறதா என்று ஒரு பொம்மையை நிறுத்திப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.