அடிபம்பின் மேல் ஓர் எண்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். உலகம் இன்னும் நல்லதாக அமைய நீங்கள் எதை விரும்புவீர்கள் என்பது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் அழைத்தபோது எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருந்தது. போர்கள் ஓய வேண்டும், பசி ஒழிய வேண்டும் என்று விரும்பாதவர் யார்? நானும் விரும்புகிறேன், ஆனால் நான் விரும்பியதால் எந்தப் பீரங்கியும் வாயை மூடிக்கொள்ளப் போவதில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பாலக்கோடு வட்டாரத்துப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் கேட்கும் வரம், அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதே நல்லது. ஆகவே என் விருப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிநீர் எடுக்கிற ஒவ்வோர் அடிபம்பின் மேலும், ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் மேலும், அந்த நீரில் ஃபுளோரைடு என்ற வேதிப்பொருள் எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற எண்ணும், அது அளக்கப்பட்ட தேதியும், தேர்தல் காலத்தில் சுவரில் சின்னம் வரைகிற அளவுக்குப் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். தகடூர்ச் சீமைக்காரன் வரத்தைப் பற்றிப் பேச வந்தால் அதியமானின் நெல்லிக்கனியில் தொடங்குவதுதான் வழக்கம். நான் அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

எண்பதுகளின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஆண்டு முடிவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு குழுப் படம் எடுப்பது என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். நகரத்திலிருந்து புகைப்படக்காரர் முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு பேருந்தில் வந்து இறங்கினார். புங்கமரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டு, உயரமான பிள்ளைகளைப் பின்னால் நிறுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்தவர்களையும் வைக்காமல் வந்தவர்களையும் ஒருவாறு ஒழுங்குபடுத்திய பிறகு, அவர் கறுப்புத் துணிக்குள் இருந்து தலையை நீட்டி, "எல்லாரும் கொஞ்சம் சிரிங்க கண்ணுங்களா" என்றார். நாற்பது பிள்ளைகளும் உதட்டை இறுக மூடிக்கொண்டார்கள். அவர் விடவில்லை, ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். அப்போது சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் சிரிப்போடு நாற்பது கைகளும் வாய்க்குப் போய்விட்டன. கையை எடுங்கள் என்று நான் அதட்டினேன். கைகள் இறங்கின, சிரிப்பும் இறங்கிவிட்டது. அந்தப் படம் இன்றும் என் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், அன்றைக்குப் பள்ளியில் ஏதேனும் துக்கமா என்று கேட்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளின் முன்பற்கள் பழுப்பாக இருந்தன. சிலருக்குச் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள். சிலருக்குக் காவிக் கோடுகள். இரண்டொருவருக்குப் பல்லே பொரிந்து பொடிந்திருந்தது. நான் அதைப் பல் விளக்காத சோம்பேறித்தனம் என்று எண்ணினேன். திங்கட்கிழமைதோறும் நகம், தலை, பல் என்று சோதனை நடத்துவேன். இரண்டாம் வரிசையில் நின்ற ஒரு மாணவியை ஒருநாள் காலை வணக்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் நிறுத்தி, வீட்டுக்குப் போய் நன்றாகத் தேய்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் ஈறெல்லாம் ரத்தமாகத் திரும்பி வந்தாள். செங்கல் பொடியை வைத்துத் தேய்த்திருக்கிறாள். "தேச்சேன் சார், போகமாட்டேங்குது" என்றாள். நான் அப்போதும் நம்பவில்லை. இதைச் சொல்லாமல் வேறு எதையும் உங்களிடம் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பணியிடைப் பயிற்சியில்தான் எனக்கு விவரம் தெரிந்தது: அந்தக் கறைக்குக் காரணம் சோம்பேறித்தனம் அன்று, குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களும் கருங்கல் பாறையின் மேல் அமர்ந்திருக்கின்றன. அந்தப் பாறையின் தாதுக்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்து வைத்துக்கொள்கிறது. நம் பாட்டன்மார் சேந்து கிணற்றில் குடித்தது பெரும்பாலும் அந்தந்த ஆண்டு மழை ஊறிய நீர். நாம் போர் போட்டுப் போட்டு ஆழத்துக்குப் போன பிறகு எடுப்பது பாறையோடு பல காலம் குடித்தனம் நடத்திய நீர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்கிறது. பள்ளி அடிபம்பின் நீரை ஒரு புட்டியில் பிடித்துப் போய்ப் பயிற்சிக் கூடத்தில் மருந்து சேர்த்துப் பார்த்தேன். ஃபுளோரைடு கூடக் கூட அந்த மருந்தின் சிவப்பு வெளிறி மஞ்சளாகும். என் புட்டியில் சிவப்பு என்று சொல்ல எதுவுமே மிஞ்சவில்லை.

பல்லின் மேல்பூச்சு, நேயர்களே, பல் முளைத்த பிறகு உருவாவதன்று. நிலையான முன்பற்களின் பூச்சு, குழந்தை தொட்டிலில் கிடக்கும் நாளிலிருந்தே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் குடித்த நீரின் கணக்கு, ஆறு ஏழு வயதில் பல் வெளியே வரும்போதுதான் தெரிகிறது. அதற்குப் பிறகு செங்கல் பொடியோ சாம்பலோ வேப்பங்குச்சியோ எதுவும் செய்ய முடியாது.

நம் ஊர்களில் நல்ல தண்ணீரைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. பருப்பு வெந்தால் நல்ல தண்ணீர். வேகாவிட்டால் சவுட்டுத் தண்ணீர். உப்பையும் கடினத்தன்மையையும் அறிவதற்கு அது சரியான சோதனைதான். நம் தாய்மார்களின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிக்கும் அளவில் சுவையும் இல்லை. அதைவிட மோசமான ஒரு செய்தி இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த மென்மையான நீரில்தான் ஃபுளோரைடு கூடுதலாகக் கரைந்து நிற்கும். அதாவது, பருப்பு பஞ்சாக வெந்து, சோப்பு நுரைத்து, ஊரே மெச்சுகிற பம்பிலும் அது நிறைந்திருக்கலாம். காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் அளவு சற்றுக் கூடவே செய்யும். இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள்: காய்ச்சினால் போகாது.

கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத ஒன்றை எழுதிக் காட்டாவிட்டால் மனிதன் எப்படி அறிவான்? இதனால்தான் எண் வேண்டும் என்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதிக்கு 1901இல் தொழில் செய்யப் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அவ்வூர் மக்களின் பற்களில் இதே காவிக் கறையைக் கண்டார். காரணம் ஃபுளோரைடு என்பதை ஓர் அலுமினிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் சர்ச்சில் என்ற வேதியியலாளர் 1931இல் கண்டறிந்தார். பிரதமர் சர்ச்சில் அல்லர், இவர் வேறு. முப்பது ஆண்டுகள் ஆயின. அதற்கிடையில், 1920களில், ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊரில், தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்றிலிருந்து புதிதாகக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளின் பல் கறைபடுகிறது என்று பெற்றோரே கவனித்தார்கள். காரணப் பொருளின் பெயர்கூடத் தெரியாத நிலையில், மெக்கேயின் அறிவுரைப்படி அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு நீருக்கு மாறினார்கள். பிறகு வந்த பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது. எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. அந்தத் தாய்மார்கள் எங்கள் தலைமையாசிரியரையும் என்னையும் விடக் கூர்மையாகப் பார்த்திருக்கிறார்கள்.

அறிவில் நாம் பின்தங்கியிருந்தோம் என்பதில்லை. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்து ஊர்களில், இதே நஞ்சால் முதுகெலும்பு இறுகிக் குனியவும் நிமிரவும் முடியாமல் போனவர்களைப் பற்றி ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1937இலேயே எழுதிவிட்டார்கள். அதற்கு ஐம்பது ஆண்டு கழித்து நான் ஒரு சிறுமியைச் செங்கல் பொடியால் பல் தேய்க்க வைத்தேன். அறிவு ஏட்டில் இருந்தது. பம்பின் மேல் இல்லை.

இதை வேறோர் இடத்தில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். வங்கதேசத்தில் குழாய்க் கிணறுகளில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருப்பது தெரிந்தபோது, 2000ஆம் ஆண்டையொட்டிய சில ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, தீங்கானவற்றின் வாய்க்குச் சிவப்பும், குடிக்கத்தக்கவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். பெரிய எந்திரம் எதுவும் வைக்கவில்லை, பூச்சு மட்டும்தான். அதைப் பார்த்தே ஏராளமான குடும்பங்கள் சிவப்புக் கிணற்றை விட்டுப் பக்கத்துப் பச்சைக் கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தன. பிறகு காலப்போக்கில் பூச்சு மங்கிவிட்டது, புதுக் கிணறுகள் சோதிக்கப்படாமலே தோண்டப்பட்டன என்பதும் உண்மை. அதனால்தான் நான் தேதியையும் சேர்த்துக் கேட்கிறேன்.

நம் மாவட்டங்களில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொன்னால் அது நன்றி கெட்ட பேச்சாகிவிடும். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் 2013 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. ஃபுளோரைடு மிகுதியால் பல்லுக்கும் எலும்புக்கும் வருகிற நோய்தான் ஃபுளோரோசிஸ். காவிரி நீர் எங்கள் தெருவுக்கு வந்த அன்று நான் ஒரு சொம்பு பிடித்து, பூசையறையில் வைத்துவிட்டுத்தான் குடித்தேன். ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் குறைகிற நாட்களில் எங்கள் ஊர்த் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுவார்கள். குழாயில் வருவதெல்லாம் காவிரி என்று எண்ணி வீட்டுக்காரர்கள் பிடிப்பார்கள். கலந்த பிறகு அளவு என்ன என்று ஒருமுறை நான் கேட்டபோது, பொறுப்பிலிருந்த ஒருவர், "எழுதி வெச்சா ஜனங்க பயந்துக்குவாங்க சார், ஊருக்கும் கெட்ட பேரு, யாரு பொண்ணு எடுப்பாங்க, யாரு குடுப்பாங்க" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அவருக்கும் மணவயதில் பெண் இருந்தாள். அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான்: அந்த எண்ணை நாம் பம்பின் மேல் எழுதாததால், அது பிள்ளைகளின் பல்லின் மேல் எழுதப்படுகிறது, பெண் பார்க்க வருகிறவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள்.

நான் திருப்பி அனுப்பினேனே, அந்தப் பெண், அதே ஊரில் உறவிலேயே மணமாகி, பின்னாளில் தம் மகளைச் சேர்க்க அதே பள்ளிக்கு வந்தார். அப்போது நான் இரண்டாம் முறையாக அங்கே மாற்றலாகி வந்திருந்தேன். குழந்தைக்கு முன்பல் புதிதாக முளைத்திருந்தது, பழுப்பு. பம்பும் அதே பம்பு. பழைய நாளைச் சொல்லி நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு ஞாபகமே இல்லைங்க சார் என்றார். அவர் அதைச் சொன்னபோது கை வாயருகே போயிருந்தது.

இதோ, சுவர்க் கடிகாரம் என்னைப் பார்க்கிறது. சொல்ல நினைத்தவற்றில் பாதி மிச்சம் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக எண்ணோடு நிறமும் வேண்டும். அதை விரிக்க நேரமில்லை. கூரையில் விழும் மழைநீரில் பாறையின் ஃபுளோரைடு கிடையாது. 2003இல் நாம் எல்லாரும் கட்டிய மழைநீர்த் தொட்டிகளை மறுபடியும் திறந்து பாருங்கள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

நெல்லிக்கனிக்கு வருகிறேன். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி சத்தும் உள்ள உணவு ஃபுளோரைடின் கேட்டை ஓரளவு தாங்க உதவும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நெல்லியில் முன்னதைவிடப் பின்னது மிகுதி. நம் ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் களி கிண்ட உலை வைப்பது எந்தப் பம்பின் நீர் என்பதையும் பார்க்க வேண்டும். புறநானூற்றின் 91ஆம் பாடலில் ஔவையார், அந்தக் கனியின் ஆற்றலை அதியமான் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சொல்லாமல் தமக்குக் கொடுத்துவிட்டான் என்கிறார். நன்மையைச் சொல்லாமல் கொடுத்தான் அவன். நாம் சொல்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பது எதை என்று இங்கிருந்து தொடங்கி ஐந்து நிமிடம் பேசுவதாக இருந்தேன்; கண்ணாடிக்கு அப்பால் விரலைக் காட்டுகிறார்கள்.

அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்த் தொட்டியின் எண்ணைக் கேளுங்கள். எங்கள் ஊர்த் தொட்டியில் எழுதுவதற்காக ஒரு லிட்டர் நீல வண்ணமும் ஒரு தூரிகையும் நான் வாங்கி வைத்து எட்டு மாதம் ஆகிறது. அனுமதி இன்னும் வரவில்லை. வணக்கம்.