ஸ்டாலின்கிராடும் ஸ்டூட்பேக்கர் லாரியும்

அவையோருக்கு வணக்கம்.

1945 மே மாதம், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி சரணடைந்த கையோடு பிரான்சில் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தார்கள். ஜெர்மனியைத் தோற்கடித்ததில் எந்த நாட்டுக்குப் பெரும்பங்கு என்பது கேள்வி. சோவியத் யூனியன் என்றவர்கள் 57 விழுக்காடு. அமெரிக்கா என்றவர்கள் 20, பிரிட்டன் என்றவர்கள் 12. அதே கேள்வியை 2004இல் திரும்பக் கேட்டார்கள். இப்போது அமெரிக்காவுக்கு 58, சோவியத்துக்கு 20. முடிந்துபோன போரில் இந்த அறுபது ஆண்டில் ஒரு தோட்டாகூடக் கூடவில்லை, குறையவும் இல்லை. இடையில் பனிப்போர் வந்தது, சினிமா வந்தது. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் இறங்கிய நார்மண்டிக் கடற்கரை திரையில் வந்த அளவுக்கு, சோவியத் படை போரிட்ட பெலாரஸ் சதுப்பு நிலம் வரவில்லை.

உலகப்போர் வெற்றியில் எந்த நாட்டுக்குப் பெரும்பங்கு என்ற தலைப்பில் பட்டிமன்றம் வைத்தால் இரு அணியும் வெவ்வேறு தராசோடு வருவார்கள். ஒருவர் பிணங்களை எண்ணுவார், மற்றவர் டாலரை எண்ணுவார். நடுவர் பாவம், கிலோவையும் லிட்டரையும் கூட்டி விடை சொல்ல வேண்டும். ஆகவே முதலில் தராசைப் பார்ப்போம்.

சோவியத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 2.7 கோடி. அதில் படையினர் 87 லட்சம் அளவில். அமெரிக்கர் சுமார் 4 லட்சம். பிரிட்டனில் பொதுமக்களையும் சேர்த்து நாலரை லட்சம். இந்த எண்களை வைத்தவுடன் அவை அமைதியாகிவிடும், வாதம் முடிந்தது என்று நினைப்போம். முடியவில்லை. இறந்தவர் எண்ணிக்கை கொடுத்த விலையைச் சொல்கிறது. வாங்கிய பொருளைச் சொல்வதில்லை. 1941 செப்டம்பரில் கீவ் சுற்றிவளைக்கப்பட்டபோது 6 லட்சத்துக்கு மேல் சிறைபிடித்ததாக ஜெர்மானியர் கணக்குச் சொன்னார்கள். நேரத்தோடு பின்வாங்க ஸ்டாலின் விடவில்லை என்பதால் வந்த இழப்பு அது. அதைப் பங்களிப்பு என்ற பத்தியில் எழுதினால், தளபதியின் தவறே நாட்டின் சாதனையாகிவிடும்.

எதிரிக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதே சரியான கேள்வி. போரில் மடிந்த ஜெர்மன் படையினரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் கிழக்கு முனையிலும் சோவியத் சிறை முகாம்களிலும் மாண்டவர்கள். ஸ்டாலின்கிராடில் 1943 பிப்ரவரி தொடக்கத்தில் ஜெர்மன் தளபதி பவுலஸின் ஆறாம் படை சரணடைந்தபோது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 91,000. அதைவிடப் பெரிய அடி 1944 ஜூனில் விழுந்தது. நார்மண்டியில் 1,56,000 பேர் இறங்கி இரண்டு வாரம் கடந்த நிலையில், பெலாரஸில் சோவியத்தின் ‘பக்ரத்தியோன்’ தாக்குதல் தொடங்கியது. ஜெர்மனியின் மத்தியப் படைத்தொகுதியில் 28 டிவிஷன்கள், அதாவது பல ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகள், சிதறின. ஜூலை 17 அன்று 57,000 ஜெர்மன் கைதிகளை மாஸ்கோ வீதிகளில் நடத்திக் கூட்டிச் சென்றார்கள். பின்னாலேயே தண்ணீர் வண்டிகள் தெருவைக் கழுவிக்கொண்டு போயின. ஜெர்மன் தரைப்படையின் முதுகெலும்பை ஒடித்தது சோவியத்தின் செஞ்சேனைதான். இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்தச் செஞ்சேனை பெலாரஸின் கிழக்கு எல்லையிலிருந்து போலந்தின் விஸ்துலா ஆறு வரை, ஐந்தாறு வாரத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல், எதில் ஏறிப் போனது?

சோவியத்தின் சொந்த லாரி காஸ்-ஏஏ. ஒன்றரை டன் ஏற்றும். பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். காய்ந்த சாலையில் குறையில்லை. வசந்தத்தில் பனி உருகி மண் களியானதும் பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டூட்பேக்கர் யூஎஸ்6 இரண்டரை டன் லாரிக்கு மூன்று அச்சு; மூன்றுக்கும் இன்ஜின் விசை போகும். முன் அச்சும் சேர்ந்து இழுப்பதால் சேற்றில் சிக்கினாலும் தானே ஏறி வந்துவிடும். பின்னால் பீரங்கியைப் பூட்டலாம், மேலே குண்டுகளையும் ஆட்களையும் ஏற்றலாம். டாங்கி ஓடும் வேகத்துக்குப் பீரங்கியும் காலாட்படையும் தொடர முடியாவிட்டால், முன்னே போன டாங்கி தனித்து மாட்டிக்கொள்ளும். 1941, 42இல் செஞ்சேனைக்கு அடிக்கடி நேர்ந்த விபத்து அது. ரஷ்யப் பெருமையின் சின்னமான கத்யூஷா ராக்கெட் வரிசைகூட 1943 முதல் பெரும்பாலும் இந்த அமெரிக்க லாரி முதுகில்தான் ஏறி நின்றது. நேச நாடுகளுக்குப் போர்ச்சரக்கு வழங்க அமெரிக்கா போட்ட கடன்-குத்தகைச் சட்டத்தின்படி சோவியத்துக்குப் போன லாரியும் ஜீப்பும் 4 லட்சத்துக்கு மேல். பல பெட்டிகளில் பாகங்களாகப் பாரசீக வளைகுடாவில் இறங்கி, ஈரானின் கோரம்ஷஹரிலும் அந்திமேஷ்கிலும் பூட்டப்பட்டு, சரக்கோடு வடக்கே ஓடின.

ரயிலும் அப்படித்தான். சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மனியில் 1,435. இந்த 89 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காகவே ஜெர்மானியர் பிடித்த பாதையையெல்லாம் பெயர்த்து மாற்ற வேண்டியிருந்தது. சோவியத் ஆலைகள் டாங்கிக்குத் திரும்பிவிட்டதால் அங்கே ரயில் இன்ஜின் உற்பத்தி ஏறக்குறைய நின்றே போயிருந்தது. அமெரிக்கா ரஷ்ய அகலத்துக்கே செய்து அனுப்பியவை சுமார் 1,900.

சாப்பாட்டையும் விடக்கூடாது. ‘துஷோன்கா’ என்ற தகர டப்பா இறைச்சியை ரஷ்யப் பக்குவத்திலேயே அமெரிக்காவில் தயாரித்தார்கள்: பன்றிக்கறி, கொழுப்பு, வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை. மேற்கில் இரண்டாவது போர்முனை திறப்போம் என்று நேச நாடுகள் வாக்குக் கொடுத்துக்கொண்டே இருந்த காலத்தில், டப்பாவைத் திறக்கும் சிப்பாய்கள் “இரண்டாவது போர்முனையைத் திறக்கிறோம்” என்று கிண்டலடித்தார்கள்.

போருக்குப் பின் சோவியத் திட்டக்குழுத் தலைவர் வோஸ்னெசென்ஸ்கி, நேச நாட்டு உதவி எங்கள் உற்பத்தியில் 4 விழுக்காடுதான் என்று எழுதினார். இன்றும் மேடைகளில் அந்த 4 வலம் வருகிறது. மொத்தத்தோடு ஒப்பிடுவதுதான் இதில் உள்ள தந்திரம். டாங்கியை மட்டும் எடுத்தால் வெளியிலிருந்து வந்தது பத்தில் ஒன்று அளவுதான். உயர்தர விமானப் பெட்ரோலை எடுத்தால் பாதிக்கு மேல். எது தட்டுப்பாடோ அதை வைத்து அளக்க வேண்டும். சோற்றில் உப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்பது போலத்தான் மற்றது. 1943 நவம்பரில் தெஹ்ரான் மாநாட்டு விருந்தில் ஸ்டாலினே, இந்தப் போரில் முக்கியமானவை இயந்திரங்கள், அமெரிக்காவின் இயந்திரங்கள் இல்லாவிட்டால் தோற்றிருப்போம் என்ற பொருளில் பேசியது பதிவில் இருக்கிறது. விருந்து மேசைப் பேச்சுக்குச் சற்றுத் தள்ளுபடி கொடுத்தாலும் மிச்சம் கணிசமாகவே இருக்கும்.

இதையே பிடித்துக்கொண்டு அமெரிக்க அணி துள்ளினால், தேதியைக் காட்டுங்கள். அமெரிக்கா சோவியத்துக்கு அனுப்பிய மொத்தத்தில் 1941, 42 இரண்டு ஆண்டிலும் சேர்த்துப் போனது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மாஸ்கோ வாசலில் ஜெர்மானியரை 1941 டிசம்பரில் நிறுத்தியதும், ஸ்டாலின்கிராடில் வளைத்ததும் பெரும்பாலும் சொந்தக் கையால். 1,500க்கு மேற்பட்ட ஆலைகளைக் கழற்றி ரயிலில் ஏற்றி யூரல் மலைக்கும் அதற்கு அப்பாலும் கொண்டுபோய், கூரை போடும் முன்பே ஓட்டத் தொடங்கிய நாடு அது. தோல்வியைத் தடுத்தது சோவியத் உழைப்பு; அந்த வெற்றி பெர்லின் வரை அத்தனை வேகமாக ஓடியதற்குக் காரணம் அமெரிக்கச் சக்கரம்.

தரையை மட்டுமே பார்ப்பது இன்னொரு பிழை. ஜெர்மன் ஆலைகளில் டாங்கிக்குப் போனதைப் போல் பல மடங்கு உழைப்பும் உலோகமும் விமானத்துக்குப் போயின. அந்த விமானங்களை 1943, 44இல் பிரிட்டிஷ், அமெரிக்க குண்டுவீச்சு விமானங்கள் தாயகத்துக்கு இழுத்துக்கொண்டன. டாங்கியை எதிர்க்கப் பேர்போன 88 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஆயிரக்கணக்கில் ஜெர்மன் நகரங்களில் வானத்தைப் பார்த்து நின்றன. கிழக்கு முனையில் சோவியத் விமானங்களின் கை ஓங்கியதற்கு இதிலும் பங்குண்டு. அட்லாண்டிக்கில் 1943 மே ஒரு மாதத்தில் மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிகள் அழிந்தன. அந்தக் கடல் திறக்காமல் லாரியும் இல்லை, துஷோன்காவும் இல்லை, நார்மண்டியும் இல்லை. அங்கே பிரிட்டனோடு தோள் கொடுத்த கனடாக் கடற்படையை ஏனோ யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பிரிட்டனின் பெரிய பங்கு 1940இல் ஜெர்மனியோடு சமரசம் பேச மறுத்ததுதான். அதற்கு டன் கணக்கு கிடையாது.

கிழக்கே திரும்பினால் தராசே வேறு. ஜப்பானின் கடற்படையை முறித்தது அமெரிக்கா. ஜப்பான் இழந்த வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகள் மூழ்கடித்தவை. ஆனால் 1941 டிசம்பரில் ஜப்பானிடம் இருந்த 51 டிவிஷன்களில் தெற்கு நோக்கிய படையெடுப்புக்கு ஒதுக்க முடிந்தது 11தான். மிச்சத்தில் பெரும்பகுதி சீனாவிலும் மஞ்சூரியாவிலும் கட்டுண்டு கிடந்தது. 1937 ஜூலையிலிருந்து சீனா வாங்கிய அடி அதற்கான விலை.

இந்தியப் படை 25 லட்சம் பேரைத் திரட்டியது. இம்பாலிலும் கோஹிமாவிலும் 1944இல் ஜப்பானியப் படையை உடைத்ததில் பெரும்பாலோர் அவர்களே. மலாயா விழுந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தந்த முக்கிய இடம் இலங்கை. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று அளவுக்கு மீறிப் பால் வெட்டினார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் 30 லட்சம் அளவில் மாண்டார்களே, போர்க்காலக் கொள்கைகள் முற்றவைத்த அந்தச் சாவை எந்த நாட்டுப் பங்களிப்பில் எழுதுவது? எந்த அணியும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

தீர்ப்புச் சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். ஜெர்மனிக்கு எதிரான போருக்கு ஒரே பெயர் கேட்டால் சோவியத் யூனியன். இரண்டு பெருங்கடல்களையும் சேர்த்து முழுப் போருக்கும் கேட்டால் அமெரிக்கா.

இன்னும் ஒரு பெயர் பாக்கி இருக்கிறது. ஜெர்மன் படை ரகசியச் செய்தி அனுப்பப் பயன்படுத்திய எனிக்மா பொறியின் மறைகுறியை 1932 இறுதியிலேயே கணக்குப் போட்டு உடைத்தவர் மரியான் ரெயெவ்ஸ்கி என்ற போலந்துக் கணித அறிஞர். போர் தொடங்க ஐந்து வாரம் இருக்கையில், 1939 ஜூலை இறுதியில், வார்சா அருகே பிரிட்டிஷாரையும் பிரெஞ்சுக்காரரையும் அழைத்து உட்காரவைத்து, அந்த முறையையும் தாங்கள் செய்த எனிக்மா நகல் பொறியையும் போலந்து ஒப்படைத்தது. 1940இல் ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நடந்த பிரிட்டன் வான்போரில் 145 போலந்து விமானிகள் பறந்தார்கள். 1946 ஜூன் 8 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. பிரிட்டிஷ் தலைமையின் கீழ் போரிட்ட அந்தப் போலந்துப் படைகள் அதில் நடக்கவில்லை.