பாட்டு யாருடையது, ஒலிப்பதிவு யாருடையது?

[காட்சி: ஹட்டனில் ஒரு சின்ன ஸ்டூடியோ. கணினித் திரையில் ஒலிக்கோடுகள்.]

குரல்: வரிகளை எழுதியவர் பொகவந்தலாவைக்காரர். மெட்டுப் போட்டவர் தலவாக்கலை. பாடியவர் பதுளை. ஸ்டூடியோ பேசி, ஆட்களைக் கூட்டி, செலவையும் ஏற்றவர் கொழும்பில் வேலை செய்யும் நண்பர். ஹட்டன் ஸ்டூடியோக்காரர் கூலி வாங்கிக்கொண்டு பதிந்து, மிக்ஸ் பண்ணிக் கொடுத்தார். யூடியூப்பில் நாலு காசு வரத் தொடங்கியதும் ஐந்து பேரும் "இது என்னுடையது" என்கிறார்கள். இவர்களில் நாலு பேருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

[திரையில்: 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம்]

வரியும் மெட்டும் படைப்புகள். படைத்தவர் வாழும் காலமும், அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பாடியவருக்கும், தப்பு மேளம் அடித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, அது தயாரிப்பாளருடையது. 2024இல் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு 2074 முடியும்வரை, அதாவது 50 ஆண்டுகள்.

தயாரிப்பாளர் யார்? முன்முயற்சி எடுத்து, பொறுப்பையும் ஏற்றவர் என்கிறது சட்டம். இந்தக் கதையில் அது கொழும்பு நண்பர். கைமாற்றாகக் காசு மட்டும் கொடுத்தவர் தயாரிப்பாளர் ஆகமாட்டார். பொத்தானை அமுக்கியவரும் ஆகமாட்டார். ஐந்தாமவர் சறுக்குவது இங்கேதான். ஆனால் நம் பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் பலர் கீபோர்டில் இசையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்படியானால் அந்த இசைக்கு அவரும் உரிமை கேட்கலாம். முன்கூட்டியே பேசாமல் விட்டால் தகராறு இங்கிருந்துதான் கிளம்பும்.

இன்னொன்று. சட்டம் 'ஒலிப்பதிவு' என்று சொல்வது வெறும் ஒலியை. வீடியோவோடு சேர்ந்த ஒலி அந்த வரையறைக்குள் வராது. ஆகவே வீடியோப் பாட்டு எடுத்தாலும், பாட்டின் ஒலிக்கோப்பைத் தனியாக முடித்துத் தேதியோடு வையுங்கள்.

[காட்சி: கொப்பித் தாளில் எழுதும் கை.]

இலங்கையில் பதிப்புரிமையை எங்கும் போய்ப் பதிய வேண்டியதில்லை. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறி பதியலாம், ஆக்கவுரிமை பதியலாம். பாட்டின் பதிப்புரிமையை அங்கே பதிய முடியாது. வரியும் மெட்டும் படைக்கப்பட்டதுமே அவற்றுக்கும், ஒலி பதிவானதுமே ஒலிப்பதிவுக்கும் உரிமை பிறந்துவிடும். பிறகு வேண்டியது சாட்சியம் மட்டும்.

அதற்கு ஒரு கொப்பித் தாள் போதும். பாட்டின் பெயர், தேதி, ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், செய்த வேலை, கொடுத்த தொகை, எந்த உரிமை எத்தனை ஆண்டுக்குக் கைமாறுகிறது என்பது. கொடுப்பவரும் வாங்குபவரும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பதிப்புரிமையைக் கைமாற்றும்போது எழுத்தும் கையெழுத்தும் சட்டம் கேட்பவை. "அண்ணன் வாயால சொன்னாரு" என்பது நிற்காது. வானொலியில் ஒலிபரப்பும்போது கிடைக்கும் ஊதியத்தில், வேறு உடன்பாடு இல்லையென்றால், பாதி நிகழ்த்துநருக்கு. வேறு விகிதம் வேண்டுமென்றால் அதையும் அதே தாளில் எழுதுங்கள்.

ஒவ்வொரு மைக்கின் தனித்தடத்தையும் 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த எம்பி3 யார் கையிலும் இருக்கும். தனித்தடம் பதிந்தவரிடம் மட்டும்தான் இருக்கும்.

[திரையில்: யூடியூப் உரிமைக் கோரல்]

உங்கள் சொந்தப் பாட்டுக்கே கோரல் வருகிறதா? பெரும்பாலும் காரணம் இணையத்தில் வாங்கிய பீட், அதாவது ஆயத்தப் பின்னணி இசை. அதே பீட்டை வேறொருவரும் வாங்கி, முழுதும் தன்னுடையதென்று கன்டென்ட் ஐடியில், அதாவது ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப்பின் அமைப்பில், சேர்த்திருப்பார். அப்படிச் சேர்ப்பது தவறு. பலர் வாங்கக்கூடிய பீட் உள்ள பாட்டை நீங்களும் சேர்க்க வேண்டாம். கோரல் வந்த 5 நாளுக்குள் மறுத்தால், அந்த முதல் நாளிலிருந்தே வருமானம் நிறுத்திவைக்கப்படும். மறுதரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள். பீட் வாங்கிய உரிமச் சீட்டு கையில் இல்லாமல் மறுக்காதீர்கள். வீடியோ நீக்கப்பட்டு, உங்கள் சேனலுக்கு ஸ்ட்ரைக் எனும் மீறல் எச்சரிக்கை விழலாம்.

"ஏழு செகண்ட் எடுத்தால் பரவாயில்லை" என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ! சட்டத்தில் செகண்ட் கணக்கே இல்லை. நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு வரும் பாதிப்பு என்ற நான்கையும் சேர்த்தே நியாயமான பயன்பாட்டைத் தீர்மானிப்பார்கள். ஒரு சினிமாப் பாட்டை நீங்களே பாடிப் பதிந்தால் பழைய ஒலிப்பதிவைத் தொடவில்லைதான்; வரிக்கும் மெட்டுக்கும் அனுமதி இன்னும் தேவை. வேண்டுமென்றே மீறினால் முதல் முறைக்கு ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

[காட்சி: இரவு, தோட்டத்து மைதானம், காமன் கூத்து.]

கூத்துப் பாட்டு, ஒப்பாரி, கும்மி ஆகியவற்றுக்கு எழுதியவர் பெயர் இல்லை. நாட்டார் கலைகளுக்குச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. மரபுச் சூழலுக்கு வெளியே காசுக்காகப் பயன்படுத்தினால் அது பொருந்தும். கூத்தை நீங்கள் பதிந்தால் அந்த ஒலிப்பதிவு மட்டுமே உங்களுடையது. பக்கத்துத் தோட்டத்தார் அதே பாட்டைத் தங்கள் குரலில் பதிந்து ஏற்றினால் தடுக்க வழியில்லை. மேடையில் பாடும் வாத்தியாரிடம் கேட்காமல் மைக்கை நீட்டினால், அவர்தான் உங்களைத் தடுப்பார்.